டைராடிகல் மாதிரிகளுக்கான ஈபிஆர் அளவீட்டுச் சேவை: ஏழு மாதப் பயனரின் மதிப்பீடு

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் உள்ள ஓர் ஆய்வு வளாகத்தின் பொதுக் கருவியகத்துக்குக் டைராடிகல், அதாவது இரண்டு ஒற்றை எலக்ட்ரான்கள் கொண்ட மூலக்கூறு, அடங்கிய 23 குழாய்களைக் கடந்த ஏழு மாதங்களில் ஈபிஆர் என்ற காந்தப்புல அளவீட்டுக்காகக் கொடுத்திருக்கிறேன். முதல் 6 குழாய்கள் முழுவதும் வீணாயின. அடுத்த 17 குழாய்கள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே அளக்கப்பட்டன. இரண்டு முறையும் கருவி ஒன்றே, அதை இயக்கியவரும் ஒருவரே, மூலக்கூறுகளும் அவையே. மாறியது, குழாய் என் கையை விட்டுப் போன நேரத்துக்கும் கருவிக்குள் நுழைந்த நேரத்துக்கும் இடையே அதற்கு என்ன நேர்ந்தது என்பது மட்டுமே. டைராடிகல்களுக்கு ஒரு அளவீட்டுச் சேவையைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியதும் அந்த இடைவெளியைப் பற்றித்தான் என்பது என் கருத்து.

சேவையின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளை அவர்களிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டேன். சிலவற்றைச் சரிசெய்தும் விட்டார்கள். இந்த மதிப்பீடு, எந்த ஈபிஆர் சேவையை நாடினாலும் எதைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்பும் தமிழ் மாணவர்களுக்கும் ஆய்வு உதவியாளர்களுக்கும் உரியது.

பொருள் புதிதாக இருப்பவர்களுக்காகச் சற்று விளக்கம். கரிம மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் இணை இணையாகவே இருக்கும். இணை இழந்த ஒற்றை எலக்ட்ரானைக் கொண்ட மூலக்கூற்றைப் பாடப்புத்தகங்கள் தனி உறுப்பு என்கின்றன. அப்படிப்பட்ட கரிமப் பொருள் நிலைத்து இருக்க முடியும் என்பதை மோசஸ் கோம்பர்க் 1900இல் டிரைபீனைல்மெத்தில் வழியாகக் காட்டினார். ஒரே மூலக்கூற்றில் இப்படி இரண்டு ஒற்றை எலக்ட்ரான்கள், ஏறக்குறைய ஒரே ஆற்றலுள்ள இரண்டு ஆர்பிட்டால்களில் அமர்ந்திருந்தால் அது டைராடிகல். அந்த இரண்டு எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகளும் எதிரெதிராக இருந்தால் சிங்லெட் எனப்படும் ஒற்றைநிலை. ஒரே திசையில் இருந்தால் டிரிப்லெட் எனப்படும் மும்மைநிலை. இந்த இரண்டில் எது ஆற்றலில் கீழே இருக்கிறது, இடையே உள்ள வேறுபாடு எவ்வளவு என்பதைப் பொறுத்தே அந்த மூலக்கூறு எதனுடன், எவ்வளவு வேகத்தில், எந்த வழியில் வினைபுரியும் என்பது பெரிதும் தீர்மானமாகிறது.

நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜனே இதற்கு மிக எளிய சான்று. அதன் அடிநிலை, அதாவது ஆற்றலில் மிகக் கீழான நிலை, மும்மைநிலை. ஒற்றைநிலை அதைவிட மோலுக்கு 94 கிலோஜூல் மேலே இருக்கிறது. நம் உடலில் உள்ள கரிமப் பொருள்கள் ஏறக்குறைய எல்லாமே இணைசேர்ந்த எலக்ட்ரான்களைக் கொண்டவை என்பதால், மும்மைநிலை ஆக்சிஜன் அவற்றுடன் நேரடியாக வினைபுரிந்து ஒற்றைநிலை விளைபொருளைத் தருவதற்குத் தற்சுழற்சி விதி தடையாக நிற்கிறது. ஆனால் ஒற்றை எலக்ட்ரான் கொண்ட இன்னொரு பொருளைச் சந்தித்துவிட்டால் அந்தத் தடை இல்லை. பென்சைல் போன்ற எளிய கார்பன் தனி உறுப்பு ஆக்சிஜனைப் பிடிக்கும் வேகம், இரண்டும் கரைசலில் ஒன்றையொன்று சந்திக்கும் வேகத்துக்கு நெருங்கியது. காற்றோட்டமுள்ள டொலுவீனில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிமோல் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அந்தக் கரைசலில் அத்தகைய தனி உறுப்பின் ஆயுள் ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவு. பருமனான பக்கக் கைகளைக் கட்டி நாங்கள் இந்த வேகத்தைக் குறைக்கிறோம், நிறுத்திவிட முடிவதில்லை.

நான் அளக்கக் கொடுத்தவை இரண்டு வகை. முதல் வகை, அலெக்செய் சிச்சிபாபின் 1907இல் ஆக்கிய ஹைட்ரோகார்பனின் குடும்பம்: இரண்டு பென்சீன் வளையங்கள் பாரா (நேர் எதிரெதிர்) இடங்களில் இணைந்து நடுவில் நிற்க, இரு முனைகளிலும் இரு பீனைல் தொகுதிகளைத் தாங்கிய கார்பன்கள். இரண்டாவது வகை, வில்ஹெல்ம் ஷ்லெங்க் 1915இல் ஆக்கியதைப் போன்றது: ஒரே பென்சீன் வளையத்தின் மெட்டா (ஒன்று விட்டு ஒன்று) இடங்களில் அதே முனைக் கார்பன்கள். தாளில் வரைந்து பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். பாரா இணைப்பில் இரண்டு ஒற்றை எலக்ட்ரான்களும் வளையங்களின் வழியாகக் கைகோத்து ஓர் இரட்டைப் பிணைப்பாக மாறிக்கொள்ள இயலும். அப்போது வளையங்கள் தம் அரோமாட்டிக் தன்மையை, அதாவது எலக்ட்ரான்கள் வளையம் முழுவதும் பரவுவதால் கிடைக்கும் நிலைப்பை, விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். மெட்டா இணைப்பில் அப்படிக் கைகோக்க வழியே இல்லை. எப்படி வரைந்தாலும் இரண்டு எலக்ட்ரான்கள் தனித்தே நிற்கும்.

பாரா வகையில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நுட்பமானது. யோஹன்னஸ் தீலே 1904இல் ஆக்கிய ஒற்றை வளையப் பொருளில் ஒரு வளையத்தின் அரோமாட்டிக் தன்மையை மட்டும் இழந்தால் போதும் என்பதால், அது பெரும்பாலும் இணைசேர்ந்த குவினாய்டு வடிவத்திலேயே இருக்கிறது. அதன் நிறமும் ஆரஞ்சு சார்ந்தது. சிச்சிபாபின் பொருளில் இரண்டு வளையங்கள் இழப்பைச் சுமக்க வேண்டும் என்பதால், எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் வடிவத்துக்கும் கணிசமான இடம் கிடைக்கிறது. கரைசல் ஆழ்ந்த நீல ஊதாவாகத் தெரியும். இந்த நிறம் எனக்கு அழகுக்காக மட்டும் பிடித்ததன்று. குழாய்க்குள் மூலக்கூறு உயிரோடு இருக்கிறதா என்பதைக் கண்ணுக்குச் சொல்லும் முதல் அறிகுறி அதுவே. ஆக்சிஜன் புகுந்தால் நீலம் வெளிறி மஞ்சளாகிறது. முனைக் கார்பன்கள் ஆக்சிஜனைப் பிடித்துப் பெராக்சைடுகளாகிவிடுகின்றன.

ஈபிஆர் என்பது எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்திசைவு அளவீடு. எவ்கெனி ஜவோய்ஸ்கி 1944இல் கசான் நகரில் கண்டறிந்த நிகழ்வு இது. மாதிரியைக் காந்தப்புலத்தில் வைத்து, நுண்ணலையைச் செலுத்தி, எந்தப் புல வலிமையில் எலக்ட்ரான் அந்த அலையை உறிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். இந்தக் கருவியகத்தில் இருப்பது எக்ஸ் பட்டைக் கருவி. 9.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒற்றை எலக்ட்ரானின் குறி ஏறத்தாழ 339 மில்லிடெஸ்லாவில் விழும். மும்மைநிலையில் இருக்கும் டைராடிகலுக்கு இதன் இருபுறமும் இணை இணையாகக் கோடுகள் விலகி நிற்கும். அதோடு, சரிபாதிப் புலத்தில், அதாவது 170 மில்லிடெஸ்லாவின் அருகே, ஒரு மெலிந்த குறி தோன்றும். அந்த அரைப்புலக் குறி ஒரு தனி உறுப்பால் வரவே முடியாது. ஆகவே டைராடிகல் ஆய்வில் அதைப் பார்க்கும் நாள் ஒரு நல்ல நாள்.

இப்போது சேவைக்கு வருகிறேன்.

முன்பதிவு இணையத்தில் நடக்கிறது. வளாகத்துக்கு வெளியே உள்ள எங்களுக்கு மணிக்கு 80 வெள்ளி. திரவ நைட்ரஜன் அதில் அடக்கம். திரவ ஹீலியம் கொண்டு 4 கெல்வின் வரை இறங்க வேண்டுமானால் தனிக் கட்டணம், அதற்கு மூன்று மாதிரிகளாவது சேர்ந்திருக்க வேண்டும். கட்டணத்தைப் பற்றி எனக்குக் குறை இல்லை. காத்திருக்கும் காலம் பொதுவாக இரண்டு வாரம்.

என் முதல் 6 குழாய்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு முகப்பில் ஒப்படைக்கப்பட்டன. நான் ஆர்கான் நிரம்பிய குளோவ் பாக்ஸில் கரைசலைக் குழாய்களில் ஊற்றி, ரப்பர் மூடி போட்டு, அதன்மேல் பாராஃபிலிம் சுற்றி எடுத்து வந்திருந்தேன். சேவையின் விண்ணப்பப் படிவத்தில் மாதிரியின் நிறை, கரைப்பான், நச்சுத்தன்மை எல்லாம் கேட்கப்பட்டிருந்தன. காற்றுப் பட்டால் கெடுமா என்ற கேள்வி மட்டும் இல்லை. நான் குறிப்புக் கட்டத்தில் எழுதியதை முகப்பில் இருந்தவர் பார்க்கவில்லை. குழாய்கள் ஜன்னலோரத் தாங்கியில் பிற்பகல் 3 மணி வரை வெளிச்சத்தில் நின்றன. அன்றைய வெப்பமும் ஈரமும் சிங்கப்பூரில் வாழ்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் மூடியின் வழியே ஆக்சிஜன் மெல்ல ஊடுருவும் என்பது நான் படித்து அறிந்த செய்திதான். ஆறு மணி நேரத்தில் நீலம் முழுவதும் போய்விடும் என்று நான் கணக்கிடவில்லை.

அளவீட்டின் முடிவு அடுத்த நாள் மின்னஞ்சலில் வந்தது. நடுவில் ஒரே ஒரு கூர்மையான குறி, இருபுறமும் ஒன்றுமில்லை, அரைப்புலத்தில் ஒன்றுமில்லை. ஒரு முனைக் கார்பன் ஆக்சிஜனையோ கரைப்பானின் ஹைட்ரஜனையோ பிடித்துத் தணிந்துவிட, மறு முனை மட்டும் ஒற்றை எலக்ட்ரானோடு எஞ்சியிருந்தது. டைராடிகல் பாதி இறந்த பின் கிடைக்கும் அடையாளம் இது. வேதியியல் கற்றவர்கள் இதை மறக்கக் கூடாது என்பதால் வற்புறுத்திச் சொல்கிறேன்: டைராடிகலின் சிதைவு பெரும்பாலும் இரண்டு படிகளில் நிகழ்கிறது, முதல் படி முடிந்த நிலையில் உள்ள பொருளும் ஈபிஆரில் வலுவான குறியைத் தரும், ஆகவே குறி இருக்கிறது என்பதற்காகவே டைராடிகல் இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது.

இந்த இடத்தில்தான் சேவையின் சிறந்த பகுதியைச் சந்தித்தேன். கருவியை இயக்கும் பெண்மணி தமிழர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் துறையில் இருப்பவர். முடிவை அனுப்பியதோடு நிறுத்தாமல் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, நடுவுல வர்ற குறி உங்க மாதிரியோடது இல்ல, மிச்சத்தோடது. ரப்பர் மூடிய நம்பாதீங்க. குவார்ட்ஸ் குழாய வெற்றிடத்துல உருக்கி மூடிட்டுக் கொண்டாங்க.”

“உருக்கி மூடுறதுக்கு எங்க ஆய்வகத்துல ஆள் இல்ல அக்கா. இங்கே செய்து தருவீங்களா?”

“கண்ணாடிப் பட்டறைல சொல்லி வைக்கிறேன், வியாழக்கிழமை வாங்க. ஆனா ஆர்கான் இருக்கும்போது நைட்ரஜன்ல முக்காதீங்க, அது ரொம்ப முக்கியம்.”

கடைசியாகச் சொன்ன எச்சரிக்கை எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்கு ஐயம். திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிக்கிறது. ஆர்கான் 87 கெல்வினில். ஆர்கான் வாயு நிறைந்த குழாயைத் திரவ நைட்ரஜனில் முக்கினால் அந்த ஆர்கான் திரவமாகிக் குழாய்க்குள் தங்கிவிடும். அப்படியே கழுத்தை உருக்கி மூடிவிட்டால், குழாய் சூடேறும்போது உள்ளே இருக்கும் திரவம் வாயுவாகப் பெருகிக் குழாயை வெடிக்கச் செய்துவிடும். 90 கெல்வினில் கொதிக்கும் ஆக்சிஜனுக்கும் இதுவே பொருந்தும். காற்றுக் கசிவுள்ள குளிர்பொறியில் (பம்புக்கு முன் ஆவியைப் பிடிக்கும் குளிர்ந்த குடுவையில்) வெளிர் நீலத் திரவம் சேர்ந்தால் அது இன்னும் ஆபத்தானது. எனவே கரைசலை உறையவைத்து, வெற்றிடப் பம்பினால் வாயுவை இழுத்து, மூடி உருகவிட்டு, இதையே மூன்று முறையாவது செய்து, இறுதியில் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கழுத்தை உருக்கி மூட வேண்டும். இந்த அளவு முக்கியமான செய்தி சேவையின் வழிகாட்டிப் பக்கத்தில் அப்போது இல்லை. நான் எழுதிக் கேட்ட பிறகு சேர்த்திருக்கிறார்கள். காற்றுப் பட்டால் கெடும் மாதிரிகளுக்குப் படிவத்தில் தனிக் கட்டமும் இப்போது வந்துவிட்டது. முகப்பில் ஒப்படைக்காமல் நேராகக் கருவி அறைக்கே கொண்டு போக அனுமதி கேட்கலாம். கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை.

கண்ணாடிப் பட்டறையில் மூடித் தந்த குழாய்கள் இன்று வரை நிறம் மாறவில்லை. ஒரு குழாய்க்கு 12 வெள்ளி வாங்குகிறார்கள். அது மிகக் குறைவு என்றே சொல்வேன்.

கருவி அறையில் நடக்கும் வேலை முதல் தரமானது. நம் ஊரின் ஈரப்பதத்தில் குளிர்ந்த குழாயை வெளியே எடுத்த அடுத்த கணம் அதன்மேல் பனி படியும். அந்தப் பனியோடு குழாயைக் கருவியின் நுண்ணலைக் குழிக்குள் இறக்கினால், நீர் நுண்ணலையை உறிஞ்சிக்கொள்வதால் கருவி ஒத்திசைவுக்கே வராது. வந்தாலும் அளவு பிழையாகும். இங்கே குழியின் வழியே உலர்ந்த நைட்ரஜன் வாயு ஓடிக்கொண்டே இருக்கிறது; குழாயை ஆல்கஹாலில் நனைத்த மென்தாளால் ஒரே இழுப்பில் துடைத்து இறக்குகிறார்கள். கரைப்பான் தேர்விலும் நல்ல ஆலோசனை கிடைக்கிறது. நான் முதலில் டைகுளோரோமீத்தேன் என்று எழுதியிருந்தேன். அதன் முனைவுத்தன்மை நுண்ணலையை வீணாக்கும் என்றும், குளோரின் அணுவைத் தனி உறுப்பு பறித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு என்றும் விளக்கி, தெளிந்த கண்ணாடி போல உறையும் 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரானைப் பரிந்துரைத்தார்கள். என் மெட்டா மாதிரிக்கு அதுவே பொருந்தியது.

மெட்டா மாதிரியின் அரைப்புலக் குறியைப் பார்க்கக் காந்தப்புலத்தை ஒரு முறை வருடினால் போதவில்லை. இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றுக்கொன்று தொலைவில் பரவியிருந்தால் அவற்றின் காந்தச் சந்திப்பு மெலிந்துவிடும். அரைப்புலக் குறி அதன் இருமடியாகத் தேய்ந்துபோகும். முதல் வருடலில் இரைச்சல் மட்டுமே தெரிந்தபோது, கருவியை இயக்கும் அக்கா மணிக்கணக்கைப் பார்க்காமல் 64 முறை வருடிச் சேர்த்தார். இறுதியில் இரைச்சலுக்கு மேலே எழுந்த அந்தச் சிறு வளைவை நான் திரையில் பார்த்தேன். ஷ்லெங்க் 1915இல் இப்படி ஒரு பொருளை ஆக்கியபோது அதன் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே திசையில் சுழல்கின்றனவா என்று பார்க்கும் கருவி உலகில் எங்குமே இல்லை. அதற்கு இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன. அதை எண்ணியபடி நான் வெகுநேரம் அந்தத் திரை முன்னால் அமர்ந்திருந்தேன்.

அறிக்கையின் விளக்கப் பகுதிதான் என் இரண்டாவது பெரிய குறை. இது நாகரிகக் குறை அன்று, அறிவியல் குறை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அடிநிலை மும்மைநிலையாக இருந்தால் குறியின் வலிமை வெப்பநிலைக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். கியூரி விதி என்பது இதுதான். அடிநிலை ஒற்றைநிலையாக இருந்து, மும்மைநிலை சற்றே மேலே இருந்தால், சூடேறும்போது மேலே ஏறும் மூலக்கூறுகள் கூடுவதால் குறி முதலில் வளரும். இதற்குப் பிளீனியும் போவர்ஸும் 1952இல் தந்த சமன்பாடு இன்றும் பயன்படுகிறது. எண்ணிக்கையில் பார்த்தால் இது எவ்வளவு கூர்மையான கருவி என்று விளங்கும். இடைவெளி மோலுக்கு 10 கிலோஜூல் என்று கொண்டால், 298 கெல்வினில் நூற்றுக்கு 5 மூலக்கூறுகள் மும்மைநிலையில் இருக்கும். 77 கெல்வினில் பத்து லட்சத்துக்கு ஒன்றுகூட இராது. என் பாரா மாதிரியைத் தூளாக மூடிக் கொடுத்தபோது, அறை வெப்பத்தில் தெரிந்த விலகல் கோடுகள் குளிரக் குளிர மறைந்து, நடுக்குறி மட்டும் எஞ்சியது. மிக நேர்த்தியான தரவு. அதிலிருந்து இடைவெளியைக் கணித்துத் தந்ததிலும் பிழை இல்லை.

மெட்டா மாதிரிக்குத் தந்த அறிக்கையில், வலிமையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்த கோடு நேராக இருப்பதால் அடிநிலை மும்மைநிலை என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். நேர்கோடு இரண்டு பொருள் தரும். மும்மைநிலை தெளிவாகக் கீழே இருந்தாலும் நேர்கோடு வரும். இரண்டு நிலைகளும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் இருந்தாலும் நேர்கோடு வரும். இதற்கு வேதியியல் வரலாற்றிலேயே பெரிய பாடம் இருக்கிறது. பால் டௌட் 1966இல் டிரைமெத்திலீன்மீத்தேன் என்ற டைராடிகலின் மும்மைநிலையை ஈபிஆரில் கண்டார். அங்கே கோட்பாடும் அளவீடும் ஒத்துப்போயின. அவரே 1970இல் டெட்ராமெத்திலீன்ஈத்தேன் என்ற இன்னொரு டைராடிகலைக் கண்டார். அதன் வெப்பநிலை அளவீடு பின்னர் நேர்கோட்டைத் தந்தது. கணக்கீடுகளோ ஒற்றைநிலையே கீழே என்றன. 1998இல் எதிரயனிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுத்து அளந்தபோது, அந்த வடிவத்தில் ஒற்றைநிலை மோலுக்கு 2 கிலோகலோரி அளவில் கீழே இருப்பது தெரிந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலான வாதம் அது. அதை அறிந்த ஒரு சேவை ஒரே வரியில் தீர்ப்பு எழுதக் கூடாது.

நான் இதைச் சுட்டிக்காட்டி எழுதியபோது ஒரு வாரத்தில் திருத்திய அறிக்கை வந்தது. 4 கெல்வின் வரை இறங்கி அளந்தால் ஐயம் பெரிதும் சுருங்கும் என்ற பரிந்துரையும் இருந்தது. மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் சிறு இடைவெளிகூட வளைவாகத் தெரிந்துவிடும் என்பதால் அது சரியான பரிந்துரையே. ஆனால் தாமாகச் சொல்லியிருக்க வேண்டியதை நான் கேட்ட பின்பு சொன்னார்கள். இந்தத் துறையில் முதல் ஆண்டில் இருக்கும் மாணவர் முதல் அறிக்கையை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடுவார்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு வினைத்திறனையே பதிலாகக் காட்ட வேண்டும். ஒற்றைநிலை டைராடிகலின் இரு முனைகளும் ஒன்றையொன்று எட்டும் தூரத்தில் இருந்தால் உடனே பிணைந்து வளையமாக மூடிக்கொள்ளும். மும்மைநிலை அப்படி மூடிக்கொள்ளத் தன் எலக்ட்ரான் ஒன்றின் திசையைத் திருப்ப வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் மூலக்கூறு சுழலும், வேறொன்றைச் சந்திக்கும். பிலிப் ஸ்கெல் 1956இல் கார்பீன்களை (ஒரே கார்பனில் பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான்கள் கொண்ட மூலக்கூறுகளை) கொண்டு எடுத்துக்காட்டிய வேறுபாடு இதையே சார்ந்தது: ஒற்றைநிலைக் கார்பீன் இரட்டைப் பிணைப்பில் சேரும்போது தொகுதிகளின் இடஅமைப்பு மாறுவதில்லை, மும்மைநிலைக் கார்பீன் சேரும்போது இடையில் ஒரு டைராடிகல் நேர்வதால் அமைப்பு கலைந்துவிடுகிறது.

இன்னும் வியப்பானது பென்சைன் கதை. ராபர்ட் பெர்க்மன் 1972இல் ஓர் ஈன்டையைன் மூலக்கூற்றை (ஓர் இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் மும்மைப் பிணைப்புகள் கொண்டதை) சூடாக்கியபோது அது வளையமாகி, எதிரெதிர் முனைகளில் ஒற்றை எலக்ட்ரான்கள் கொண்ட பாரா பென்சைனாக மாறியது. கலிச்சியமைசின் என்ற இயற்கைப் பொருள் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் அறுப்பது இந்த வழியில்தான். இரண்டு முனைகளும் ஆளுக்கோர் ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்கின்றன. அதிலிருந்து உருவான மருந்து ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. பாரா பென்சைனின் ஒற்றைநிலை மும்மைநிலையைவிட மோலுக்கு 3.8 கிலோகலோரி கீழே இருக்கிறது என்று 1998இல் அளந்தார்கள். ஹைட்ரஜனைப் பறிக்க வேண்டுமானால் இரண்டு எலக்ட்ரான்களுக்கும் இடையே உள்ள அந்தச் சிறு ஒட்டுறவை முதலில் தளர்த்த வேண்டும். ஆகவே தனி உறுப்பைவிட அது பொறுமையாகப் பறிக்கும். ஒற்றைநிலைக்கும் மும்மைநிலைக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் வினைத்திறனை வடிவமைக்க முடியும் என்ற எண்ணமே என் ஆய்வின் அடிப்படை. இடைவெளியைப் பிழையாகக் குறித்த அறிக்கை, வடிவமைப்பு முழுவதையும் தவறான பாதையில் கொண்டு சேர்த்துவிடும்.

இந்தத் தீவில் இந்த வேதியியலுக்கு நல்ல பெயர் உண்டு. பென்சீன் வளையங்கள் முக்கோண வடிவில் ஒட்டி நிற்கும் டைராடிகலான டிரையாங்குலீனை எரிக் கிளார் 1953இல் ஆக்க முயன்றபோது அது தன்னோடு தானே பிணைந்து பாலிமராகிவிட்டது. 2017இல்தான் ஐபிஎம் சூரிச் ஆய்வகத்தினர் ஒரு நுண்ணோக்கியின் ஊசிமுனையால் ஹைட்ரஜன்களை நீக்கி ஒற்றை மூலக்கூறாக அதை ஆக்கிக் காட்டினர். இரண்டே ஆண்டுகளில், 2019இல், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிஷான் வூ, ஜியோங் லூ ஆகியோரின் குழுக்கள் அதைவிடப் பெரிய, ஒரு பக்கத்துக்கு ஐந்து வளையங்கள் கொண்ட முக்கோணத்தைத் தங்கப் பரப்பின்மேல் வளர்த்தெடுத்தன. பருமனான பக்கக் கைகள் இல்லாத அத்தகைய பொருள், காற்றும் அண்டை மூலக்கூறும் எட்டாத பரப்பில் வைத்தால்தான் தங்கும். இப்படிப்பட்ட ஊரில் இயங்கும் பொது அளவீட்டுச் சேவையிடம் நான் சற்று உயர்ந்த தரத்தை எதிர்பார்ப்பது நியாயமே என்று நினைக்கிறேன்.

தரவைக் கையளிக்கும் முறையில் குறையே இல்லை. படமாக மட்டும் தராமல் மூலக் கோப்புகளையும், நுண்ணலை வலிமை, பண்பேற்ற வீச்சு, வருடல் எண்ணிக்கை அடங்கிய குறிப்பையும் சேர்த்துத் தருகிறார்கள். வலிமை அதிகமானால் குறி தெவிட்டிப்போகும் என்பதால், அதைச் சோதித்த சிறு தொடரையும் கேட்காமலே இணைத்திருந்தார்கள். இவற்றைக் கொண்டு ஈஸிஸ்பின் என்ற கட்டணமில்லா நிரல்தொகுப்பில் நானே ஒப்புருவாக்கிச் சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. நடுக்குறியின் பங்கு எவ்வளவு என்பதை டிபிபிஎச் என்ற தரப்பொருளோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டுத் தரவும் செய்கிறார்கள். ஆனால் படிவத்தில் அதற்குரிய கட்டத்தை நிரப்பினால் மட்டுமே. நிரப்பத் தவறாதீர்கள். டைராடிகல் ஆய்வில் அந்த எண் இல்லாத அறிக்கையை மதிப்பாய்வாளர் ஏற்கமாட்டார்.

போவதற்கு முன் கேட்டுத் தெளிய வேண்டியவை என்று எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். குழாய் யார் கையில், எங்கே, எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேளுங்கள். இருட்டில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். உருக்கி மூடும் வசதியை அளவீட்டுக்கு ஒரு வாரம் முன்பே பதிவுசெய்யுங்கள், ஏனெனில் கண்ணாடிப் பட்டறையில் ஒருவரே இருக்கிறார். ஒரே மாதிரியிலிருந்து இரண்டு குழாய்கள் தயாரித்து, ஒன்றை உங்கள் ஆய்வகத்தில் வைத்துக்கொண்டு நிறத்தை ஒப்பிடுங்கள். திங்கட்கிழமை காலை நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. வார இறுதியில் நின்ற குளிரூட்டும் அமைப்பு நிலைபெறுவதற்கு நண்பகல் ஆகிவிடுகிறது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கருவி அறைக்கும் அங்கே பணிபுரியும் அக்காவுக்கும் மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்தும் கொடுத்திருப்பேன். குறைந்த ஒன்று, முகப்பில் ஆறு மணி நேரம் நின்ற குழாய்களுக்கும் ஒரே வரியில் எழுதப்பட்ட அந்த முடிவுக்கும் உரியது. மெட்டா மாதிரியை 4 கெல்வினில் அளக்க வேறு இரு குழுக்களோடு சேர்ந்து ஹீலியம் நாள் ஒன்றைப் பதிவுசெய்திருக்கிறோம். இரண்டு குழாய்களும் மூடப்பட்டுத் தயாராக இருக்கின்றன. நேற்று மாலை பார்த்தபோதும் நிறம் மாறாமல் இருந்தன.